சட்டி நண்டு வால்

போன மாசம் அனுமந்தையில ஒரு கல்யாணம். உங்கள்ல பாதிப் பேரு வந்திருந்தீங்க. உப்பளத்துத் தெருவுல என்கூட ஒண்ணா வளந்தவளுங்க. இப்போ ஒருத்திக்கு முட்டி மாத்தணும்னு டாக்டர் சொல்லியாச்சு, இன்னொருத்தி மாடிப்படியப் பாத்தாலே திரும்பிக்கிறா. பந்தியில எனக்குப் பக்கத்துல உக்காந்தவ அப்பளத்த நொறுக்கிக்கிட்டே சொன்னா: "உங்க வூட்டுல ஒரு சட்டி நண்டு வால் இருந்துச்சே, ஞாபகம் இருக்குதா? எங்கம்மாவுக்கு ஒரே கட்டுல சரியாப் போச்சு. அந்த மாதிரி வைத்தியம்லாம் இப்போ எங்க இருக்குது." எதிர் வரிசையில இருந்தவளும் ஆமா ஆமான்னு தலைய ஆட்டினா. நான் ரசத்த ஊத்திக்கிட்டு சும்மா இருந்தேன். கல்யாண வூட்டுல வேற இன்னா பேசறது.

ஆனா அறுபது தாண்டியாச்சு, இன்னும் எத்தன காலத்துக்கு சும்மா இருக்கிறது? உங்கம்மாவுக்கு சரியாப் போச்சு, சந்தோஷம். என் அக்கா செத்துப் போனா. வால் மேல பழி போட மாட்டேன், அது செத்த நண்டோட வால், அதுக்கு இன்னா தெரியும். எங்க வூட்டுப் பெரியவங்களும் உங்க வூட்டுப் பெரியவங்களும் சேந்துதான் அவள அனுப்பி வெச்சாங்க. நல்ல மனசோட, கையெடுத்துக் கும்புட்டுக்கிட்டே. அத எழுதிடலாம்னு உக்காந்திருக்கேன். கோவம் வர்றவளுக்கு வரட்டும்.

அப்போ எனக்கு ஒன்பது வயசு, அக்காவுக்குப் பன்னெண்டு. அப்பாவும் அம்மாவும் உப்பளத்துல கூலி. அப்பா பாத்தி மிதிப்பாரு, உப்பு வாருவாரு. அம்மா கூடையில அள்ளி வரப்பு மேல கொண்டு போயி அம்பாரத்துல கொட்டுவா. பள்ளிக்கூடம் விட்டா நாங்களும் அங்கதான். பங்குனி வெயில்ல மரக்காணத்து உப்பளம் எப்படி இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, கண்ண சுருக்கிச் சுருக்கியே நம்ம எல்லாருக்கும் நெத்தியில அந்தச் சின்ன வயசுலயே கோடு விழுந்துச்சு. சாயங்காலம் அப்பா வாசல்ல உக்காந்து காலுக்கு வேப்பெண்ணெ தடவுவாரு. குதிகால் வெடிப்புல உப்பு வெள்ளையா நிக்கும், எண்ணெ பட்டதும் ஸ்ஸுன்னு பல்லக் கடிப்பாரு.

நம்ம தெருவுல எல்லா நோவுக்கும் ஒரே பேருதான். முட்டி வலிச்சா உப்பு ஏறிடுச்சு. இடுப்பு வலிச்சா உப்பு ஏறிடுச்சு. கணுக்கால் வீங்கினாலும் அதேதான். நின்ன தண்ணி உப்பு, மிதிச்ச மண்ணு உப்பு, அது கால் வழியா ஏறி எலும்புல தங்கிடுதுன்னு ஒரு நம்பிக்கை. பெரியவங்களுக்கு அது ஓரளவுக்குப் பொருந்தவும் செஞ்சுது, வருஷக்கணக்கா நின்ன காலுங்க. அதனால கொழந்தைக்கு முட்டி வீங்கினாலும் வேற ஏதாவது இருக்குமான்னு ஒருத்தரும் யோசிக்கல.

அந்த வருஷம் பொங்கலுக்கு மாமா வந்தாரு, அம்மாவோட தம்பி. லாரி கிளீனர். ஒரிசா கடற்கரையிலேர்ந்து ஐஸ் பெட்டியில மீனு, இறால் ஏத்திக்கிட்டு மெட்ராசுக்கு வர்ற லாரி. எப்ப வந்தாலும் எங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது எடுத்தாருவாரு. அந்தத் தடவ ஒரு கோணிப்பைய வாசல்ல கவுத்தாரு. உள்ளேர்ந்து விழுந்ததப் பாத்து அம்மா ரெண்டடி பின்னாடி போயிட்டா.

காஞ்சு போன நண்டு. ஆனா நண்டு மாதிரியே இல்ல. கவுத்து வெச்ச இரும்புச் சட்டி மாதிரி பழுப்பு நெறத்துல ஒரு ஓடு. திருப்பினா அடியில காலெல்லாம் மடங்கி ஒண்ணு மேல ஒண்ணு கெடக்குது. பின்னாடி ஒரு சாண் நீளத்துக்கு வால், கம்பி மாதிரி வெறச்சு நிக்குது. நம்ம பக்கத்துக் கடல்ல இது கெடையாது. அனுமந்தையிலேர்ந்து எத்தனையோ மீன்காரங்க வந்து பாத்தாங்க, வலையில இப்படி ஒண்ணு வந்ததே இல்லன்னாங்க.

"அந்த ஊர்ல இது கரைக்கு வந்து மணல்ல முட்டை வெக்கும்க்கா" ன்னு மாமா அம்மாகிட்ட சொன்னாரு. "ஜோடியாத்தான் வரும். பொட்டை முன்னாடி, அதோட முதுகப் புடிச்சுக்கிட்டு ஆம்பளை பின்னாடி. ராம லட்சுமண நண்டுன்னு சொல்லுவாங்க."

"ஆம்பளையும் பொம்பளையும்னா ராமரும் சீதையும்தானே மாமா?" ன்னா அக்கா.

மாமா சிரிச்சாரு. "அத ஒரிசாக்காரன்கிட்ட போயி கேளு."

அக்கா அப்படித்தான். சும்மா இருக்க மாட்டா. அந்த ஓட்ட எடுத்துத் தலையில கவுத்துக்கிட்டு, இடுப்புல கைய வெச்சு, உப்பள மேஸ்திரி மாதிரியே தொண்டையக் கனைச்சு, "ஏய், யாரது அங்க நிழலுக்கு ஒதுங்குறது" ன்னு தெரு முழுக்க நடந்து காட்டினா. உங்கள்ல ரெண்டு பேரு பின்னாடியே கூடைய தூக்கிக்கிட்டு ஓடினீங்க. சட்டி நண்டுன்னு பேரு வெச்சவளும் அவதான். ஓட்டத்துல அவள யாரும் புடிச்சது கெடையாது. உப்பள வரப்புல, அதுவும் ஈர வரப்புல, ஒத்தக் கால்லயே நொண்டி அடிச்சு கடைசி வரைக்கும் போவா.

டீ குடிச்சுக்கிட்டே மாமா இன்னொண்ணும் சொன்னாரு. அந்த ஊர்ல கை கால் கொடைச்சலுக்கு இதோட வால வெட்டிக் கட்டிக்குவாங்க, சில பேரு மோதிரமா கூடப் போட்டுக்குவாங்கன்னு. போற போக்குல சொன்ன பேச்சு. நாங்க வெளையாடத்தான் அத எடுத்தாந்தாரு, பாவம். அந்த ஒரு பேச்ச அப்பா புடிச்சு வெச்சுக்கிட்டாரு.

பொங்கல் முடிஞ்சு அக்காவுக்குத் தொண்டை வலி. எச்சி முழுங்க முடியலன்னா. அம்மா மிளகு கஷாயம் குடுத்தா, போயிடுச்சு. கொஞ்ச நாள் கழிச்சு திடீர்னு காய்ச்சல், வலது முட்டி வீங்கிடுச்சு. சாதாரண வீக்கம் இல்ல. போர்வை பட்டாலே அலறுவா. பாயிலேர்ந்து எழுந்து வாசல் வரைக்கும் போக முடியல, அம்மா தூக்கிக்கிட்டுப் போயி உக்கார வெப்பா. பன்னெண்டு வயசுப் பொண்ண இடுப்புல தூக்கிக்கிட்டு எங்கம்மா போனது இன்னும் எனக்குக் கண்ணுல நிக்குது. உப்புக் கூடைய அவ்வளவு சுலுவா தூக்கினவ, அன்னைக்கு அவளுக்கு மூச்சு முட்டுச்சு.

"உப்பு ஏறிடுச்சு" ன்னாரு அப்பா. தெருவும் அதையேதான் சொல்லுச்சு.

அப்பா அருவாளால நண்டு வால வெட்டி, மஞ்சள் பூசி, செவப்பு நூல்ல முட்டியில வெச்சுக் கட்டினாரு. "நாத்தம் தாங்கல, எடுத்துடச் சொல்லுடி" ன்னு அக்கா என்கிட்ட அழுதா. ரெண்டு நாள்ல முட்டி வீக்கம் வத்திடுச்சு. நிஜமாவே வத்திடுச்சு, நான் பொய் சொல்லல. ஆனா இடது கணுக்கால் வீங்கிடுச்சு. அப்பா வால அவுத்துக் கணுக்கால்ல கட்டினாரு. அங்கேயும் வத்துச்சு, மணிக்கட்டுக்குப் போச்சு. மணிக்கட்டுல கட்டினாரு, முழங்கைக்குப் போச்சு.

இந்த எடம்தான் எனக்கு இன்னைக்கு நெனச்சாலும் ஆத்திரம் வர்ற எடம். ஒவ்வொரு மூட்டா நோவு தாவுதே, இது வேற ஏதோ நோவா இருக்குமோன்னு பயந்திருக்கணும். எங்காளுங்க சந்தோஷப்பட்டாங்க. "நண்டு நோவத் தொரத்துது பாரு" ன்னாங்க. காலையில எழுந்ததும் உங்க வூட்டுப் பொம்பளைங்க வாசலுக்கு வந்து, "இன்னைக்கு எங்க ஓடியிருக்குது?" ன்னு கேப்பாங்க. அப்பா பெருமையா, "தோள்பட்டைக்கு வந்துடுச்சு, இன்னும் ரெண்டு நாள், வெளிய போயிடும்" னுவாரு. சொன்ன மாதிரியே கடைசியில எந்த மூட்டுலயும் வலி இல்ல. காய்ச்சலும் விட்டுடுச்சு. அக்கா எழுந்து நடந்தா.

நோவு எங்க போச்சுன்னு யாரும் கேக்கல. அது உள்ள போயி நெஞ்சுல உக்காந்துக்கிச்சு.

அதுக்கப்புறம் எங்க வூடு நண்டு வூடு ஆயிடுச்சு. ஓட்டத் தலைவாசல்ல திருஷ்டிக்கு மாட்டினாங்க. வால மஞ்சத் துணியில சுத்தி உத்தரத்துல சொருகி வெச்சாரு அப்பா. உப்பளத்துக்காரங்க எல்லாருக்கும் முட்டி வலி இருக்கும்போது கூட்டத்துக்குக் கேக்கணுமா? கூனிமேட்டுலேர்ந்து வந்தாங்க, கடல விட்டுத் தள்ளி இருக்கிற உள்ள கிராமத்துலேர்ந்து வண்டி கட்டிக்கிட்டு வந்தாங்க. பாதிரியார் திட்டுவாருன்னு பயந்து கோயில் தெரு வேதக்காரங்க பொழுது சாய்ஞ்சு வந்தாங்க. வர்றவங்க வெறுங்கையோட வர மாட்டாங்க, நுங்கு, கருவாடு, ஒரு சீப்பு பழம். காசு மட்டும் அப்பா தொடவே மாட்டாரு. காசுக்காகச் செஞ்சிருந்தாக் கூட மன்னிச்சிருப்பேன், ஏழைப்பட்டவரு, ஆசைப்பட்டாருன்னு விட்டிருப்பேன். மரியாதைக்குத்தான் ஆசைப்பட்டாரு. மேஸ்திரி "டேய்" னு கூப்புட்ட ஆள எல்லாரும் "அண்ணே" ன்னு கூப்புட ஆரம்பிச்சாங்க.

வந்தவங்களுக்கு நம்பிக்கை வரணும்னா அக்காவக் காட்டணும். "பெருசு, இங்க வா" ன்னு கூப்புடுவாரு. அவ வந்து நிப்பா. "நடந்து காட்டு." நடப்பா. "உக்காந்து எழுந்திரு." உக்காந்து எழுந்திருப்பா. மொதல்ல அவளுக்கும் அது வேடிக்கையாத்தான் இருந்துச்சு, நடக்கும்போதே என்னப் பாத்துக் கண்ணடிப்பா. அப்புறம் சலிச்சுப் போச்சு. "மாட்டுச் சந்தையில நிக்கிற மாதிரி இருக்குதுடி" ன்னா.

அந்த சமயத்துல பள்ளிக்கூடத்துக்கு அரசாங்க டாக்டரும் நர்சம்மாவும் வந்தாங்க. எல்லாப் புள்ளைங்க நெஞ்சுலயும் குழாய வெச்சுப் பாத்தாங்க. மத்தவங்களுக்கு ஒரு நொடி. அக்கா நெஞ்சுல வெச்சவரு எடுக்கவே இல்ல. திரும்பி முதுகுல வெச்சாரு, படுக்கச் சொல்லி வெச்சாரு. சமீபத்துல முட்டி வீங்கிக் காய்ச்சல் வந்துச்சான்னு கேட்டாரு. ஆமான்னா. நர்சம்மாவத் திரும்பிப் பாத்தாரு, அவங்க முகம் மாறிப் போச்சு.

மறுநாளே நர்சம்மா எங்க வூட்டுக்கு வந்தாங்க. வெள்ளைச் சேலை வேர்வையில முதுகோட ஒட்டியிருந்துச்சு. அப்பா மரியாதையா ஸ்டூல் எடுத்துப் போட்டாரு, நண்டு வாலுக்குத்தான் வந்திருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டு.

"உங்க பொண்ணுக்கு வந்தது உப்பு நோவு இல்லங்க" ன்னாங்க. "தொண்டையில வந்த கிருமியால வந்த காய்ச்சல். மூட்டு வலி தானாவே போயிடும், எதுவும் கட்டலன்னாலும் போயிடும். ஆனா நெஞ்சுக்குள்ள இருக்கிற கதவ அது அரிச்சிடும். இப்போ கொஞ்சமாத்தான் கெட்டிருக்குது. மறுபடி அந்தக் காய்ச்சல் வராம பாத்துக்கிட்டா பொழச்சுக்கும். மூணு வாரத்துக்கு ஒரு ஊசி, பல வருஷத்துக்குப் போடணும். ஒண்ணு கூட விடக்கூடாது."

"முட்டியில வந்த நோவுக்கும் நெஞ்சுக்கும் இன்னாம்மா சம்பந்தம்?" ன்னாரு அப்பா. "நீங்களே பாருங்க. பெருசு, நடந்து காட்டு."

அக்கா நடக்கல. கதவுகிட்டயே நின்னா. "ஊசி போட்டுக்கிறேம்ப்பா" ன்னா. "வலிச்சா தாங்கிக்குவேன்."

"உனக்கு இன்னா தெரியும், உள்ள போ."

நர்சம்மா அம்மாவப் பாத்தாங்க. அம்மா தலையக் குனிஞ்சுக்கிட்டா. "எதுவும் கட்டலன்னாலும் போயிடும்" னு அவங்க சொன்னாங்களே, அந்த ஒரு வார்த்தையத்தான் அப்பாவால தாங்க முடியல. அத அவங்க சொல்லாம விட்டிருந்தா ஒரு வேளை ஒத்துக்கிட்டிருப்பாரோன்னு நான் எத்தனையோ நாள் நெனச்சுப் பாத்திருக்கேன். தெரு முழுக்கக் கும்புடுற ஒண்ண வூட்டுக்குள்ள வந்து வெறும் குப்பைன்னு சொன்ன மாதிரி ஆயிடுச்சு அவருக்கு.

அம்மா தலையக் குனிஞ்சாளே தவிர, ஒத்துக்கல. மூணு வாரத்துக்கு ஒரு தடவ, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போறேன்னு சொல்லி அக்காவக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா. என்னையும் இழுத்துக்கிட்டுப் போவா, சந்தேகம் வரக் கூடாதுன்னு. திரும்பி வரும்போது எங்க மூணு பேரு நெத்தியிலயும் குங்குமம் இருக்கும். அத அவளே முடிச்சுல கட்டி எடுத்தாந்திருப்பா. எங்கம்மா ஒரு பொய்யும் சொல்லத் தெரியாதவ, அந்தப் பொய்ய மட்டும் அழகா செஞ்சா.

ஊசி சாதாரண ஊசி இல்ல. கெட்டி மருந்து, இடுப்புக்குக் கீழ போடணும். போட்ட எடம் கல்லு மாதிரி ஆயிடும், ரெண்டு நாளைக்கு அந்தக் காலத் தரையில ஊன முடியாது. அக்கா முனகவே மாட்டா. வூட்டுக்கு வந்ததும் நேரா நடக்கணுமேன்னு ஆஸ்பத்திரி வாசல்லேயே நடந்து பழகிப் பாப்பா. "இப்போ தெரியுதாடி? இப்போ?" ன்னு என்னக் கேட்டுக் கேட்டு நடப்பா.

கொஞ்ச நாளு ஓடுச்சு. அப்புறம் ஒரு சனிக்கிழமை, உப்பள மொதலாளி கார்ல வந்தாரு. உள்ள கிராமத்துல நஞ்சை உள்ளவரு. எங்க தெருவுல அவரு கால வெச்சதே கெடையாது. அவரோட அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் போச்சாம், வாலக் கட்டிக்க வந்திருக்காங்க. அப்பாவுக்குக் கையும் ஓடல காலும் ஓடல. துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு நிக்கிறாரு. தெருவே வந்து நிக்குது. நீங்க எல்லாரும் இருந்தீங்க, எனக்கு ஒவ்வொரு முகமும் ஞாபகம் இருக்குது.

"இதாங்க பொண்ணு. ஒரு மாசம் படுத்த படுக்கையா கெடந்துச்சு" ன்னாரு அப்பா. "பெருசு, நடந்து காட்டு."

முந்தின நாள்தான் ஊசி. அக்கா உதட்டக் கடிச்சுக்கிட்டு ஒரு அடி வெச்சா, ரெண்டு வெச்சா. மூணாவது அடியில இடுப்பு இழுத்துடுச்சு. அப்புறம் மறைக்க முடியல, நொண்டிக்கிட்டே மொதலாளி அம்மா முன்னாடி வந்து நின்னா.

"நொண்டுதேப்பா" ன்னுச்சு அந்த அம்மா.

மொதலாளி கார் கதவத் தொறந்து அவங்க அம்மாவ ஏத்தினாரு. மேஸ்திரி மட்டும் கூட்டத்துல நின்னு, "இன்னாடா, உன் நண்டும் நொண்டுது போல" ன்னான். பல நாளா "அண்ணே" கேட்ட காதுல அந்த "டா" விழுந்துச்சு.

வூட்டுக்குள்ள போனதும் ஊசி விஷயத்த அம்மாவே சொல்லிட்டா. அக்கா மேல பழி வரக் கூடாதுன்னு தானே முன்னாடி வந்து சொன்னா. அப்பா கை நீட்டல. "நல்லா இருந்த பொண்ண ஊசி போட்டு நொண்டியாக்கிட்டீங்களே" ன்னாரு. அவரு கண்ணு கலங்கியிருந்துச்சு. அதுதான் கொடுமை, அவரு நெசமாவே அப்படித்தான் நெனச்சாரு. என் கண்ணு முன்னாடி வால எடுத்து, ஊசி போட்ட அந்த இடுப்புல கட்டினாரு. ஊசி வலி ரெண்டு நாள்ல போறது போச்சு. மறுபடியும் நண்டுக்குத்தான் பேரு. அவரே உள்ள கிராமத்துக்கு நடந்து போயி மொதலாளி வூட்டுல சொல்லிட்டு வந்தாரு, அந்த அம்மா மறு வாரமே வந்து கட்டிக்கிட்டுப் போச்சு.

ஊசி அதோட நின்னுச்சு. "இனிமே ஆஸ்பத்திரி வாசப்படி மிதிச்சா நான் கால்வாயில விழுந்துடுவேன்" ன்னாரு அம்மாகிட்ட. நர்சம்மா இன்னும் ரெண்டு தடவ வந்தாங்க. ரெண்டாவது தடவ நம்ம தெருப் பொம்பளைங்களே வழிய மறிச்சு, "பொண்ணு நல்லா இருக்குதும்மா, நீங்க இன்னாத்துக்கு அலையுறீங்க" ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. யாரு யாருன்னு சொல்ல வேணாம்னு பாக்குறேன்.

மறு வருஷமும் அக்காவுக்குத் தொண்டை வலி வந்துச்சு, காய்ச்சல் வந்துச்சு, முட்டி வீங்குச்சு. வாலக் கட்டினாங்க, போயிடுச்சு. அடுத்த வருஷமும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் நண்டுக்கு ஒரு வெற்றி. பதினஞ்சு வயசுல அக்கா அம்மா கூட உப்பு தூக்கப் போனா. பாதி வரப்புல கூடைய எறக்கி வெச்சுட்டு நிப்பா. ஒதடு வெளுத்துப் போயிருக்கும். "இன்னாடி, காத்து வாங்குறியா" ன்னு மேஸ்திரி கத்துவான். கூட வேல செஞ்ச பொம்பளைங்க, "நண்டு வூட்டு மகாராணி, வேல செய்வாளா" ன்னு சிரிப்பாங்க. ஓட்டத்துல ஒருத்தராலயும் புடிக்க முடியாதவள சோம்பேறின்னு சொன்ன தெரு இது.

ஒரு நாளு நான் கேட்டேன், "ஏங்க்கா நிக்கிற, வலிக்குதா?" ன்னு. "வலிக்கல. உள்ள யாரோ கதவத் தட்டுற மாதிரி இருக்குது" ன்னா. நெஞ்சுல என் கைய எடுத்து வெச்சா. அந்த அடி என் கையில இன்னும் இருக்குது.

அக்காவுக்குக் கல்யாணம் சீக்கிரமே ஆயிடுச்சு. உள்ள கிராமத்துல வெவசாயக் குடும்பம். அந்த மாமியாருக்கு எங்க வூட்டு வால் கட்டித்தான் முட்டி சரியாச்சாம், அதனால நண்டு வூட்டுப் பொண்ணுதான் வேணும்னு நின்னுது. மாசமானா. ஏழாவது மாசம் படுக்க முடியல, உக்காந்துக்கிட்டே இருக்கிறா, கால் வீங்கிப் போச்சு. பாண்டிக்குத் தூக்கிக்கிட்டுப் போனோம். அங்க இருந்த டாக்டரம்மா மொதக் கேள்வியே அதான் கேட்டாங்க: "சின்ன வயசுல முட்டி வீங்கிக் காய்ச்சல் வந்துச்சா?"

"வந்துச்சு" ன்னா அம்மா.

"அது சரியாப் போச்சுங்க" ன்னாரு அப்பா.

அக்காவும் வயித்துல இருந்ததும் ஒரே நாள்ல போயிட்டாங்க.

சாவு வூட்டுல பேசினாங்க, ஜோடியா இருந்த நண்டப் பிரிச்சு எடுத்தாந்த பாவம்தான் இப்படி முடிஞ்சுதுன்னு. வால் மேல ஒரு சந்தேகம் வரல, மாமா மேலதான் வந்துச்சு. அவரு தூரமா வேப்பமரத்துக்கிட்ட நின்னு அழுதுட்டு, ஒரு வாய்த் தண்ணி கூடக் குடிக்காம போனாரு. அதுக்கப்புறம் எங்க வாசலுக்கு அவரு வரவே இல்ல. அப்பா மட்டும் வந்தவங்க எல்லார்கிட்டயும், "கடைசியில ஒரு நாளும் முட்டி வலின்னு சொன்னதில்லங்க என் பொண்ணு" ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு.

இப்போ என் பேத்தி மருந்துப் படிப்பு படிக்கிறா. போன வருஷம் போன்ல ஒரு படம் காட்டினா. வரிசையா அதே சட்டி நண்டு, உயிரோட, கட்டி வெச்சிருக்காங்க. ரத்தம் நீலமா சொட்டுது. ஊசி மருந்துல விஷக் கிருமி கலந்திருக்குதான்னு அந்த ரத்தத்த வெச்சுத்தான் பாக்குறாங்களாம், ஒலகம் பூரா. "இந்த நண்டு இல்லன்னா எத்தனையோ ஊசிய நம்பிப் போட முடியாது ஆயா" ன்னா. நான் ரொம்ப நேரம் போனக் கீழ வெக்கல. ஒரிசாக் கரையில முட்டை வெக்க வந்த ஒரு ஜீவன். அதோட ரத்தம் ஊசிக்குக் காவல் நிக்குது. எங்க வூட்டுல அதோட வால வெச்சு ஊசிய வெரட்டினோம். சிரிக்கிறதா அழறதான்னு தெரியல, ரெண்டும் வரல.

இன்னும் ஒண்ணு இருக்குது, அத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. கருமாதி முடிஞ்சு அக்கா புருஷன் வூட்டுலேர்ந்து நாங்க திரும்பி வந்தோம். வாசல்ல ஒரு அம்மா உக்காந்திருக்குது, மடியில அஞ்சாறு வயசுல ஒரு பொண்ணு. ரெண்டு முட்டியும் வீங்கியிருக்குது. நம்ம சேதி எதுவும் தெரியாத வெளியூரு. வெயில்ல காத்துக்கிட்டு இருந்திருக்குது.

"ரெண்டு நாளா இந்த முட்டி, அதுக்கு முன்னாடி கணுக்கால்" ன்னுச்சு. "காய்ச்சலும் அடிக்குதுண்ணே."

அப்பா அத்தன நாளா நிமுந்து நடக்கல. அந்த "அண்ணே" வக் கேட்டதும் முதுகு நேராச்சு. உள்ள போயி உத்தரத்துலேர்ந்து வால எடுத்தாந்தாரு. கொழந்த காலத் தன் மடியில வெச்சு, வலிக்காம, பூப் போல, செவப்பு நூல சுத்தினாரு. அந்த அம்மா கும்புட்டுக்கிட்டே பாத்துச்சு.

"இது கட்டித்தானே உங்க பொண்ணு எழுந்து நடந்துச்சுன்னு சொன்னாங்க. இப்போ எப்படிண்ணே இருக்குது?"

"கட்டிக் குடுத்தாச்சும்மா" ன்னாரு அப்பா. "நல்லா இருக்குது."

அம்மா நெலப்படியப் புடிச்சுக்கிட்டு நின்னா. நான் அவ பின்னாடி நின்னேன். அந்த அம்மா கொழந்தையத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு வேகமா போச்சு. எந்த ஊரு, யாரு வூட்டுப் புள்ளன்னு எங்க வூட்டுல ஒருத்தரும் கேக்கல.